தெற்கு ஜன்னலில் வெயில் இல்லை

ஏப்ரல் 11 அல்லது 12ஆம் தேதி வானம் மூடாமல் இருந்தால், பகல் 12 மணி 23 நிமிடம் அளவில் திருவனந்தபுரத்துக் கிழக்கேகோட்டையில் பஸ்ஸுக்காக நிற்பவர்களின் நிழல் அவரவர் காலடிக்குள் ஒடுங்கிவிடும். திருவனந்தபுரம் நிலநடுக்கோட்டுக்கு வடக்கே எட்டரை டிகிரியில் இருக்கிறது. மார்ச் 20 வாக்கில் நிலநடுக்கோட்டைத் தாண்டி வடக்கே நகரும் சூரியன், மூன்று வாரத்தில் இந்த ஊரின் உச்சிக்கு வந்துவிடுகிறது. அதன் பிறகு ஆகஸ்ட் முடியும் வரை நண்பகல் சூரியன் நமக்கு வடக்கேதான். ஆகஸ்ட் கடைசி நாளையொட்டி மறுபடி உச்சியைத் தாண்டித் தெற்கே இறங்குகிறது.

கைப்பிடி அளவுத் தொட்டியில் ஒரு கேக்டஸ் வாங்கி வந்தவர் முதலில் தெரிந்துகொள்ள வேண்டியது இதுதான். வளர்ப்புக் குறிப்புகளில் பெரும்பாலானவை செடியைத் தெற்கு பார்த்த ஜன்னலில் வைக்கச் சொல்கின்றன. ஐரோப்பாவில் எழுதப்பட்டு, வாய்க்கு வாய் மாறி நம்மிடம் வந்து சேர்ந்த விதி அது. லண்டனில் நண்பகல் சூரியன் ஆண்டு முழுவதும் தெற்கேதான் இருக்கும். டிசம்பர் நண்பகலில் அது அடிவானத்திலிருந்து 15 டிகிரிக்கு மேல் ஏறாது. சாய்ந்து வரும் அந்த வெயில் தெற்கு ஜன்னலில் நுழைந்து அறையின் எதிர்ச்சுவர்வரை போகும்.

இங்கே அதே டிசம்பரில் நண்பகல் சூரியனின் உயரம் 58 டிகிரி. ஜன்னலுக்கு மேல் இரண்டடி நீட்டிய சன்ஷேடு, அதற்கு நான்கடி கீழே ஜன்னல் திட்டு என்று வைத்துக்கொள்ளுங்கள். டிசம்பர் 21 நண்பகலில் சன்ஷேடின் நிழல் சுவரில் மூன்றேகால் அடி இறங்கும். மீதி முக்கால் அடியில் வெயில் விழும். தொட்டி சிறியது என்பதால் அது போதும். ஆனால் தெற்கு ஜன்னலின் பொற்காலமே அவ்வளவுதான். பிப்ரவரி பாதியில் நிழல் ஐந்தடி இறங்கிவிடும், திட்டில் நண்பகல் வெயில் படாது. ஏப்ரல் பாதியிலிருந்து ஆகஸ்ட் முடியும் வரை சூரியன் அந்தப் பக்கமே வருவதில்லை. சரி, வடக்கு ஜன்னலுக்கு மாற்றலாமே என்றால், ஜூனில் நண்பகல் சூரியன் 75 டிகிரி உயரத்தில் நிற்கிறது. சன்ஷேடின் நிழல் ஏழரை அடி. அது போதாதென்று இடவப்பாதி என்னும் தென்மேற்குப் பருவமழையின் மேகம் வேறு.

மிஞ்சுவது கிழக்கும் மேற்கும். காலை ஏழு மணிக்கும் மாலை ஐந்து மணிக்கும் சூரியன் தாழ்வாக இருப்பதால் எந்தச் சன்ஷேடும் அதைத் தடுக்க முடியாது. கோட்டைக்குள் சுவரோடு சுவர் ஒட்டிய அக்ரஹார வீடுகளில் பக்கவாட்டு ஜன்னலே கிடையாது, முன்னும் பின்னும்தான் வெளிச்சம். தெரு வடக்கு தெற்காக ஓடினால் வீட்டின் முகப்பு கிழக்கையோ மேற்கையோ பார்க்கும். அந்த வீட்டுக்காரருக்கு யோகம். கிழக்கு மேற்காக ஓடும் தெருவில் இருப்பவர் மொட்டைமாடியை நம்ப வேண்டியதுதான். இந்த ஊர்க்காரர்களுக்கு வெயிலின் பாதையைக் கவனிக்கச் சொல்லித்தர வேண்டியதில்லை. பகலும் இரவும் சமமாகும் நாட்களில் மறையும் சூரியன் பத்மநாபசுவாமி கோயில் கிழக்குக் கோபுரத்தின் வாசல்களில் ஒவ்வொன்றாகத் தெரிந்து இறங்குவதைப் பார்க்கக் கூட்டம் கூடுகிற ஊர் இது.

வெளிச்சம் போதாத கேக்டஸ் உடனே சாவதில்லை. அதுதான் ஏமாற்று. உருண்டையாக இருந்த செடியின் உச்சி கூம்பும், வெளிர் பச்சையாக நீளும், முட்கள் மெலிந்து இடைவெளி விடும். பார்ப்பவர்கள் நன்றாக வளர்கிறதே என்பார்கள். வெளிச்சத்தைத் தேடிச் செடி தன் சேமிப்பைச் செலவழித்துக்கொண்டிருக்கிறது என்பதே உண்மை. பிறகு நல்ல வெயிலுக்கு மாற்றினாலும் மெலிந்த பகுதி பழையபடி பருக்காது, அதற்கு மேல் வரும் புது வளர்ச்சிதான் பருமனாக வரும். மாற்றுவதும் படிப்படியாக இருக்க வேண்டும். கடை நிழலில் மாதக்கணக்கில் இருந்த செடியை நேராக மொட்டைமாடியில் கொண்டு வைத்தால் தோல் வெந்து, தக்கை போன்ற பழுப்புத் தழும்பு நிரந்தரமாக நிற்கும்.

இப்போது இரவுக்கு வருவோம். கேக்டஸின் பிழைப்பு ரகசியம் இரவில் இருக்கிறது. அதன் முதல் தடயங்களில் ஒன்று நம் பக்கத்தில் கிடைத்தது. பெஞ்சமின் ஹைனே என்ற ஜெர்மானியர் மொரேவிய சபையின் மிஷனரியாகத் தரங்கம்பாடிக்கு வந்து, பின்னர் கிழக்கிந்தியக் கம்பெனியின் தாவரவியலாளர் ஆனவர். செடியை வாயில் போட்டுப் பார்க்கும் பழக்கம் அவருக்கு இருந்திருக்கிறது. நாம் கட்டிப்போட்டால் குட்டிபோடும் என்று சொல்கிற ரணகள்ளியின் இலையைக் காலையில் மென்றபோது புளித்தது. நண்பகலில் சுவையே இல்லை. மாலையில் லேசாகக் கசந்தது. இதை அவர் லண்டனில் இருந்த தாவரவியலாளர் லாம்பர்ட்டுக்குக் கடிதமாக எழுத, அது 1815இல் லின்னேயன் சங்கத்தின் ஏட்டில் வெளியானது. அதற்குப் பதினோரு ஆண்டுகள் முன்பே, 1804இல், ஜெனீவாவின் தெ சொஸ்யூர், சப்பாத்திக்கள்ளியின் மட்டைகள் இருட்டில் கரியமில வாயுவை உள்ளிழுப்பதைக் கண்டிருந்தார். இரண்டும் ஒரே விஷயத்தின் இரண்டு முனைகள் என்பது விளங்க நூறாண்டுக்கு மேல் ஆயிற்று.

பெரும்பாலான செடிகள் பகலில் இலைத்துளைகளைத் திறந்து கரியமில வாயுவை எடுத்துக்கொள்கின்றன. திறந்த துளை வழியே நீராவி வெளியேறுவதைத் தடுக்க முடியாது. ஒரு கிராம் கரியமில வாயு உள்ளே வர 400 முதல் 500 கிராம் தண்ணீர் வெளியே போகிறது. கேக்டஸ் பகல் முழுவதும் துளைகளை மூடிக்கொள்ளும், குளிர்ந்த இரவில் திறக்கும். வெளிச்சம் இல்லாததால் அப்போது சர்க்கரை செய்ய முடியாது. ஆகவே வாயுவை மாலிக் அமிலமாக மாற்றித் திசுக்களுக்குள் சேர்த்து வைக்கிறது. ஆப்பிளின் புளிப்பும் அதே அமிலம்தான். பொழுது விடிந்ததும் துளையை அடைத்துக்கொண்டு, அமிலத்தை உடைத்து, வெளிவரும் வாயுவைக் கொண்டு உள்ளுக்குள்ளேயே சமையலை முடிக்கிறது. இந்த வழியில் ஒரு கிராமுக்கு ஆகும் தண்ணீர் 50 முதல் 100 கிராம்தான். ஹைனேயின் நாக்கில் பட்டது இரவெல்லாம் சேர்ந்த அமிலம்.

இரவில் ஆக்சிஜன் தரும், படுக்கையறையில் வையுங்கள் என்று சொல்லி இந்தச் செடிகளை விற்கிறார்கள். பாதி உண்மை. இரவில் அது வாங்குகிறது, கொடுப்பதில்லை. வெளிச்சம் இல்லாமல் ஆக்சிஜன் உண்டாகாது. வாங்குவதும் எலுமிச்சை அளவுச் செடி ஒன்று வாங்குகிற அளவுதான். படுக்கையறையின் இருட்டு மூலையில் அதை வைத்தால் உங்களுக்கு லாபம் ஒன்றுமில்லை, செடிக்கு நஷ்டம் உண்டு.

இருட்டில் வாயுவைச் சேர்க்கும் இந்த ஏற்பாட்டுக்கு இரவு குளிர வேண்டும். பழத்துக்காகப் பயிரிடப்படும் சப்பாத்திக்கள்ளி வகையில் அளந்து பார்த்தபோது, பகல் 25 டிகிரி, இரவு 15 டிகிரி என்ற நிலையில்தான் அது அதிகமாக வாயுவைச் சேர்த்தது. இரவு சூடு ஏற ஏறச் சேர்மானம் குறைகிறது. திருவனந்தபுரத்தில் ஜனவரி இரவுகூட 20 டிகிரிக்குக் கீழே போவது அபூர்வம். ஆண்டீஸ் மலைச்சரிவில் பிறந்த ரெபூட்டியா போன்றவை இங்கே பூக்காமல் முரண்டு பிடிப்பதற்குக் காரணம் உரம் போதாமை அல்ல. அவற்றுக்குத் தேவையான குளிர்கால உறக்கத்தை இந்த ஊரால் கொடுக்க முடியாது. மாறாக, கரீபியக் கடலோரத்தில் வளரும் மெலோகாக்டஸ் சூட்டையும் உப்புக்காற்றையும் பொருட்படுத்தாது. மம்மிலேரியாக்களில் பல வகை அனுசரித்துப் போகும். கடையில் பூவைப் பார்த்து வாங்குவதைவிட, செடி எந்த மண்ணில் பிறந்தது என்று பார்த்து வாங்குவது மேல்.

பூ என்றதும் நினைவுக்கு வருகிறது, எல்லாக் கடையிலும் முன்வரிசையில் இருக்கும் அந்தச் சிவப்பு உருண்டை. அது இரண்டு செடி. மேலே இருப்பது ஜிம்னோகாலிசியம் வகையில் பச்சையமே இல்லாமல் பிறந்த ஒரு பிறழ்வு, தானாகச் சமைக்கத் தெரியாதது. 1940களில் ஜப்பானில் இத்தகைய நாற்றுகளைக் காப்பாற்ற வேறொரு கேக்டஸின் தலையில் ஒட்டுக்கட்டத் தொடங்கினார்கள். கீழே மூன்று பட்டையாக நிற்கும் பச்சைத் தண்டு, இப்போது கேரளத்தில் பலர் தோட்டம் போடும் டிராகன் பழக்கொடியேதான். கீழே இருப்பது ஈரக்காட்டில் மரமேறும் கொடி, வேகமாக வளரத் துடிப்பது. மேலே இருப்பது தண்ணீரைத் தொட்டுக்கொண்டு பொழுதைப் போக்கும் வறண்ட நிலத்து உருண்டை. சில ஆண்டுகளில் கூட்டு முறிந்துவிடும். அது உங்கள் கைக்குற்றம் அல்ல. சிவப்புத் தலை வாடி விழுந்த பிறகும் தண்டு உயிரோடிருந்தால் அதைப் பெரிய தொட்டியில் நட்டு ஒரு கம்பில் ஏற்றிவிடுங்கள்.

கேக்டஸைக் கொல்வது பெரும்பாலும் தாகம் அல்ல, ஈரம். திருவனந்தபுரத்தில் ஆண்டுக்குச் சுமார் 1,800 மில்லிமீட்டர் மழை. ஜூனில் தொடங்குவது ஒன்று, அக்டோபரில் துலாவர்ஷம் என்று மற்றொன்று. சுமார் எண்பது கிலோமீட்டர் தென்கிழக்கே ஆரல்வாய்மொழிக் கணவாயைத் தாண்டினால் சப்பாத்திக்கள்ளி சாலையோரத்தில் தானாக வளர்கிறது. இங்கே காற்றே தண்ணீராக இருக்கிறது. பாலைவனத்துக் கேக்டஸின் நுண்வேர்கள் வறட்சியில் உதிர்ந்துவிடும், மழை பட்ட சில மணி நேரத்தில் புதிதாக முளைக்கும், குடிக்க வேண்டியதைக் குடித்ததும் மண் மறுபடி காய்ந்துவிடும். வேர் எதிர்பார்ப்பது இந்த வேகத்தைத்தான். நாள்கணக்கில் ஊறிய மண்ணில் காற்றுப் புகாது. மூச்சு முட்டிய வேரில் பூஞ்சைகள் நுழையும்.

தொட்டியின் அடியில் கூழாங்கல் பரப்பினால் நீர் வடியும் என்பது எல்லோரும் நம்புகிற ஒன்று. வீட்டிலேயே சோதித்துப் பார்க்கலாம். பாத்திரம் தேய்க்கும் ஸ்பாஞ்சைத் தண்ணீரில் முக்கி எடுத்துத் தட்டையாகப் பிடியுங்கள். சொட்டுவது நின்றதும் அதை நெட்டுக்குத்தலாக நிமிர்த்துங்கள். மறுபடி சொட்டத் தொடங்கும். நுண்துளைகள் தம் ஈர்ப்பால் ஒரு குறிப்பிட்ட உயரத்துக்குத் தண்ணீரைத் தாங்கும், அந்த உயரத்துக்கு மேலே உள்ளதுதான் வடியும். தொட்டி மண்ணிலும் இதேதான் நடக்கிறது. அடியில் சில அங்குலம் எப்போதும் ஊறியே இருக்கும், அதன் உயரத்தைத் தீர்மானிப்பது மண்ணின் பொடித்தன்மை. கூழாங்கல்லைப் போட்டால் அந்த ஈர அடுக்கு மறையாது, ஏறி வேருக்குப் பக்கத்தில் வந்து உட்காரும். அகலமான தட்டைக் கிண்ணம் அழகாக இருக்கும், ஆனால் முழுக்க ஈர அடுக்காகவே இருக்கும். உயரமான, அடியில் துளையுள்ள மண்தொட்டிதான் இந்த ஊருக்குச் சரி. அதன் சுவரும் கொஞ்சம் ஈரத்தை வெளியே விடும்.

கல்லை அடியில் கொட்டாமல் மண் முழுவதும் கலக்க வேண்டும். இதற்குக் கிழக்கேகோட்டையைப் போல வசதியான இடம் கிடையாது. பழைய ஓட்டு வீடு எங்காவது பிரிக்கப்பட்டுக்கொண்டே இருக்கும். உடைந்த ஓட்டை வாங்கி, சாக்கில் போட்டுச் சுத்தியால் தட்டி, கடலை அளவிலிருந்து மிளகு அளவுவரை சலித்தெடுத்தால் அதைவிட நல்ல ஊடகம் கடையில் விற்பதில்லை. தனக்குள் கொஞ்சம் ஈரம் வைத்துக்கொள்ளும், இடையில் காற்று விடும், மக்காது. தூளைக் கழுவிவிட வேண்டும். இந்த ஓட்டுத்துண்டு மூன்று பங்கு, கரித்துண்டு ஒரு பங்கு, மக்கிய இலையுரம் ஒரு பங்கு என்பது என் கணக்கு. கட்டட வேலைக்கு வரும் எம்-சாண்டைச் சேர்ப்பதானால் அதிலிருக்கும் மாவு போகும்வரை அலசுங்கள். அந்த மாவு சிமெண்டைப் போல இடைவெளிகளை அடைத்துவிடும்.

நர்சரியிலிருந்து வரும் செடிகள் பெரும்பாலும் தென்னைநார்த் தூளில்தான் இருக்கும். எடை குறைவு, லாரியில் ஏற்ற எளிது. தன் எடையைப் போலப் பல மடங்கு தண்ணீரைப் பிடித்துக்கொள்ளும் பொருள் அது. முற்றாகக் காய்ந்தாலோ தண்ணீரை ஏற்காமல் ஓரமாக வழியவிடும். வாங்கியதும் அதை உதிர்த்துவிட்டு மாற்றி நடுவது நல்லது. செய்தித்தாளை நீளமாக மடித்துச் செடியைச் சுற்றிப் பிடித்தால் முள் குத்தாது. நட்டபின் ஒரு வாரம் தண்ணீர் காட்டக் கூடாது, அறுபட்ட வேர் காய வேண்டும்.

எத்தனை நாளுக்கு ஒருமுறை தண்ணீர் என்று கேட்பவர்களுக்கு நாள் கணக்கு சொல்ல முடியாது. துடைப்பத்திலிருந்து ஓர் ஈர்க்குச்சியை உருவித் தொட்டியின் அடிவரை செருகி, சற்றுப் பொறுத்து எடுங்கள். ஈரமோ மண்ணோ ஒட்டியிருந்தால் ஊற்ற வேண்டாம். காய்ந்து வந்தால் அடித்துளையில் வழியும்வரை தாராளமாக ஊற்றுங்கள். தினமும் ஒரு ஸ்பூன் ஊற்றுவது கருணை அல்ல. டிசம்பர் கடைசியிலிருந்து மே வரை இந்த முறையில் செடி நன்றாக வளரும். ஜூன், ஜூலையில் தண்ணீரை அறவே நிறுத்தலாம். மழை படாத, ஆனால் வெளிச்சம் வரும் இடத்துக்கு மாற்ற வேண்டும். மொட்டைமாடியில் பாலிகார்பனேட் ஷீட் ஒன்றைச் சாய்த்துப் போட்டால் போதும், பக்கவாட்டில் காற்று ஓட வேண்டும். ஐரோப்பியப் புத்தகம் டிசம்பரில் கொடுக்கச் சொல்லும் ஓய்வை இங்கே மழைக்காலத்தில் கொடுக்கிறோம். நாள்காட்டியை அப்படியே திருப்பிப் போட்டுக்கொள்வதுதான் இந்த ஊரில் கேக்டஸ் வளர்ப்பின் பாதி.

அழுகல் மண்ணை ஒட்டிய இடத்தில் தொடங்கும். முதலில் தோல் மஞ்சளோடிக் கண்ணாடி போல ஆகும், பென்சில் முனையால் அழுத்தினால் உள்வாங்கும். தாமதிக்காமல் வெட்டிவிட வேண்டும். ஸ்பிரிட்டில் துடைத்த பிளேடால் கீழிருந்து மெல்லிய வில்லைகளாக நறுக்கிக்கொண்டே வந்தால், குறுக்குவெட்டின் நடுவில் நீர் கடத்தும் குழாய்களின் வட்டம் தெரியும். அந்த வட்டத்தில் ஆரஞ்சோ பழுப்போ ஒரு புள்ளி இருந்தாலும் இன்னும் மேலே போக வேண்டும். சுத்தமான பச்சைவெள்ளை வந்ததும் நிறுத்தி, நிழலில் உலர வைத்து, வெட்டுவாய் தோல் போல இறுகிய பிறகு காய்ந்த ஓட்டுத்துண்டின் மேல் உட்கார வைத்தால் வேர் விடும்.

இவ்வளவு மெனக்கெட விருப்பமில்லாதவருக்கு இந்த ஊரே ஒரு கேக்டஸைத் தேர்ந்து வைத்திருக்கிறது. நிஷாகந்தி. தமிழ்நாட்டில் பிரம்ம கமலம் என்று சொல்லி, பூத்த இரவில் அக்கம்பக்கத்தாரை எழுப்பிக் காட்டும் அதே செடிதான். கனகக்குன்னு அரண்மனை வளாகத்தின் திறந்தவெளி அரங்குக்கும், சுற்றுலாத் துறை நடத்தும் நடன இசை விழாவுக்கும் அதன் பெயர்தான். முள் இல்லாததாலும் இலை போல இருப்பதாலும் அது கேக்டஸ் என்று பலர் நம்புவதில்லை. அந்த இலை உண்மையில் தட்டையான தண்டு, அதன் விளிம்புப் பள்ளத்திலிருந்தே மொட்டு வருவதைப் பார்த்தால் புரியும். தென் மெக்சிகோ, மத்திய அமெரிக்கக் காடுகளில் மரக்கிளைகளில் தொற்றி வளர்வது. மழை அடிக்கடி பெய்தாலும் கிளையில் மண் இல்லாததால் தண்ணீர் நிற்காது. அதன் வறட்சி அந்த மரக்கிளையின் வறட்சி. அதனால்தான் நம் மழையும் புழுக்கமும் அதற்குப் பழகிய வீடு. உச்சி வெயில் ஆகாது, வடக்கு ஜன்னல் போதும். இதே ஈரக்காட்டு வழியில் வந்த ரிப்சாலிஸ் என்ற தொங்கும் கேக்டஸ், அமெரிக்கக் கண்டங்களுக்கு வெளியே இயற்கையாக வளரும் ஒரே கேக்டஸ் வகை. நமக்கு எட்டும் தூரத்தில், இலங்கையில் இருக்கிறது.

கடைசியாக, பூச்சி. முட்களுக்கிடையில் பஞ்சுத் துணுக்கு போல வெள்ளையாகத் தெரிந்தால் மாவுப்பூச்சி. இதன் உறவுக்காரப் பூச்சி ஒன்று தென்னிந்திய வரலாற்றில் இடம்பிடித்தது. 18ஆம் நூற்றாண்டின் இறுதியில் சென்னையின் தலைமை மருத்துவர் ஜேம்ஸ் ஆண்டர்சன், சைதாப்பேட்டையில் சப்பாத்திக்கள்ளித் தோட்டம் போட்டார். கள்ளியில் வாழும் கொச்சினீல் பூச்சியிலிருந்து கருஞ்சிவப்புச் சாயம் எடுத்து மெக்சிகோவின் வியாபாரத்தை முறியடிப்பது கம்பெனியின் ஆசை. 1795இல் கேப்டன் நீல்சன் பிரேசிலிலிருந்து கல்கத்தாவுக்குப் பூச்சியைக் கொண்டுவந்தார். ஆனால் வந்தது சாயம் குறைந்த காட்டு வகை. அது சாயத்தைத் தராமல் கள்ளியைத் தின்றது. வட இந்தியாவில் அது கள்ளிப் புதர்களை ஒழித்ததைப் பார்த்து, 1863 வாக்கில் அதே நோக்கத்துக்காகத் தெற்கே கொண்டுவந்தார்கள். ஒரு களையை அழிக்கவென்றே பூச்சியை ஓரிடத்திலிருந்து வேறிடத்துக்குக் கொண்டுபோய் வெற்றி கண்ட மிகப் பழைய முயற்சிகளில் அது ஒன்று. அந்தப் பூச்சி தொடாத இன்னொரு கள்ளி வகை பிறகு தென் மாவட்டங்களின் மேய்ச்சல் நிலத்தை அடைத்துக்கொண்டது. அதற்கென 1926இல் இலங்கை வழியாக வேறொரு கொச்சினீல் வந்து சேர்ந்து வேலையை முடித்தது.

ஜன்னலில் இருக்கும் ஒற்றைச் செடிக்கு அந்தக் குடும்பத்தின் பசி தாங்காது. ஸ்பிரிட்டில் நனைத்த காது குடையும் பஞ்சுக்குச்சியால் ஒவ்வொரு வெள்ளைத் துணுக்கையும் தொடுங்கள். அதன் மெழுகுக் கவசம் கரைந்து பூச்சி பழுப்பாகும். வெயில் தாழ்ந்த பிறகு செய்வது நல்லது, ஒரு வாரம் கழித்து மறுபடி பார்க்க வேண்டும், முட்டையிலிருந்து புதியவை வந்திருக்கும். எறும்பு ஏறி இறங்கினால் தொட்டியைக் கவிழ்த்து வேரையும் பாருங்கள். பூச்சியின் இனிப்புக் கழிவுக்காக எறும்பே அதைச் சுமந்து வந்து புதுச்செடியில் விடும். நீர் நிரப்பிய தட்டில் ஒரு செங்கல், அதன் மேல் தொட்டி என்று வைத்தால் எறும்பு வராது. ஆனால் தட்டுத் தண்ணீரை வாரம் ஒருமுறை கொட்டி மாற்ற வேண்டும், இந்த ஊரில் கொசுவுக்கு அவ்வளவு இடம் போதும்.